ரூபாய்க்கு எத்தனை சேர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உடுமலையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். படிப்பு ப்ளஸ் டூ வணிகவியலோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பருத்தி எப்படிப் பரவியது, கூலி எப்படி மாறியது என்று தேடப்போய், பொருளாதார வரலாற்றை முறையாகப் படிக்கும் ஆசை வந்துவிட்டது. கல்லூரிக்குப் போக வழியில்லை. தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தால் எதை எடுப்பது, வரலாறா, பொருளியலா? அவர்கள் அனுப்பும் புத்தகம் மட்டும் போதுமா?

ர.

அன்புள்ள ர.,

பொருளாதார வரலாறு என்ற பெயரிலேயே பி.ஏ. தேடி அலைய வேண்டாம். நம்மூரில் அது பெரும்பாலும் வரலாற்றுப் பட்டத்துக்குள் சில தாள், பொருளியல் பட்டத்துக்குள் ஓரிரு தாள் என்று சிதறிக் கிடக்கிறது. இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ.வில் இரண்டு துறைகளைச் சேர்த்து எடுக்க இடமுண்டு. வரலாறும் பொருளியலும் ஜோடியாகக் கிடைத்தால் உங்களுக்கு அதுதான் சரி. நீங்கள் சேரும் பருவத்தின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். தமிழ்வழி வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் பொருளியலை எடுங்கள். வரலாற்றைத் தனியே வாசித்துப் பிடித்துவிடலாம். விலை ஏற்ற இறக்கத்தை அளக்கும் குறியீட்டெண்ணைப் பரீட்சை நெருக்காமல் தானாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

பணம் கட்டும் முன் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தைத் திறந்து, அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பட்டம், அந்தப் பருவம் மூன்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். போன வருஷம் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுவோம். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மூன்றாண்டில் 120 கிரெடிட் என்றால் ஆண்டுக்கு 40, அதாவது 1200 மணி, வாரத்துக்கு 23 மணி. மில் வேலையோடு இது நடக்காது. கூடுதல் ஆண்டுகள் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதால் நான்கைந்து ஆண்டாகத் திட்டமிடுங்கள். பலர் மூன்றாண்டுக் கனவில் சேர்ந்து, இரண்டாம் பருவத்தில் அசைன்மென்ட் தேதியைத் தவறவிட்டு, அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இனி பாடநூல். இக்னோவின் பாடநூல்கள் இகியான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, சேராமலும் வாசிக்கலாம். ஆனால் அவை முடிவுகளைத்தான் தரும். அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த கணக்கைக் காட்டாது. நேரில் படிப்பவருக்கு வகுப்பில் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்பார். உங்களுக்கு அந்த ஆள் இல்லை, அந்த இடத்தில் ஒரு பழைய அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்ட மானுவலில் (மாவட்ட விவரத் தொகுப்பு) உங்கள் தாலுகாவும் வருகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இத்தகைய மானுவல்கள் ஸ்கேனாகக் கிடைக்கின்றன.

அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது அலகு. 19ஆம் நூற்றாண்டு அரசு விலைப் பட்டியல்கள் பலவற்றில் விலை என்பது ரூபாய்க்கு இத்தனை சேர் (பழைய தானிய அளவு) என்றுதான் இருக்கும். எண் ஏறினால் தானியம் மலிவு, இறங்கினால் கிராக்கி. இதைக் கவனிக்காமல் கிராஃப் போட்டால் பஞ்ச வருஷத்தில் விலை சரிந்ததாகத் தெரியும். இன்னொரு சிக்கல் சராசரி. ஒரு வருஷம் ரூபாய்க்கு 8 சேர், மறு வருஷம் 16 சேர். சராசரி 12 சேர் என்று எழுதினால் ஒரு சேரின் விலை 1.33 அணா ஆகிறது. உண்மையில் விலை முதலில் 2 அணா, பிறகு 1 அணா; சராசரி 1.5 அணா. ஆகவே ஒவ்வொரு வருஷத்தையும் முதலில் அணாவாக மாற்றிவிட்டு (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை) அப்புறம் சராசரி எடுங்கள். கூலிக்கு மட்டும் ரூபாய்க்கு இத்தனை சேர் என்ற வடிவமே வசதி. நாள் கூலி 2 அணா என்றால் 16 சேர் வருஷத்தில் 2 சேர் தானியம், 8 சேர் வருஷத்தில் 1 சேர். ரூபாயில் கூலி மாறவில்லை, சோறு பாதியாகிவிட்டது. தானியமாகவே கூலி வாங்கியவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விலையேற்றம் அவரை இப்படித் தாக்கியிருக்காது.

சென்னை மாகாணத்தில் கரிசை என்ற தானிய அளவுக்கு இத்தனை ரூபாய் என்றும் வரும். 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை. படியின் அளவே ஊருக்கு ஊர் வேறு என்பதால் அடிக்குறிப்பைப் படிக்காமல் மாற்றக் கூடாது. ஆண்டும் அப்படித்தான். பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. எல்லையும் நகரும். 1910இல் கரூர் தாலுகா கோவையிலிருந்து திருச்சிக்குப் போனது. அது தெரியாமல் 1901, 1911 எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோவை ஜனங்கள் எங்கே போனார்கள் என்று திகைப்பீர்கள்.

ஸ்கேனிலிருந்து எண்களைக் காப்பி எடுத்து ஒட்டாதீர்கள், 3 எல்லாம் 8 ஆகியிருக்கும். கையால் எக்செலில் அடித்து, பத்தியின் கூட்டுத்தொகை அச்சில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கணக்கெழுதுகிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லைதான்.

இதற்கு இணையாக ஒரு விவாதத்தையாவது இரு பக்கமும் வாசியுங்கள். நிலமற்ற கூலிகள் என்ற வர்க்கம் பிரிட்டிஷ் ஆட்சியில்தான் உருவானது என்று சுரேந்திர படேல் 1952இல் எழுதினார். அதற்கு முன்பே சாதியோடு பிணைந்த பண்ணையாட்கள் இங்கே பெருந்தொகையாக இருந்தார்கள் என்று சென்னை மாகாணத்தை வைத்து 1965இல் தர்மா குமார் மறுத்தார். யார் எந்தச் சான்றை நம்புகிறார், எந்த இடத்தில் ஊகிக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இக்னோ மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. விலைக்கு விற்கும் ரெடிமேட் விடைகளை வாங்கி நகலெடுத்தால் அந்த 30 வந்துவிடலாம், 70க்கு எழுத ஒன்றும் இருக்காது.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். எந்தத் துறை, எந்த வருஷம், எந்த அரசாணை என்று சொல்லத் தெரியாமல் அங்கே போனால் பகல் பூராவும் கேட்லாக்கிலேயே கழிந்துவிடும். மானுவலின் அடிக்குறிப்புகளில் வரும் அரசாணை எண்களையும் தேதிகளையும் ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இருபது முப்பது சேர்ந்ததும் ரயில் டிக்கெட் எடுங்கள்.