கடல் இல்லாத மாவட்டத்திலிருந்து படகு வடிவமைக்கப் போகலாமா?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "பாப்பா அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்குது. கணக்கும் பிசிக்ஸும் நல்லா வரும். சிட்டியில ஆத்து வழியா ஜனங்க வேலைக்குப் போய்வர, புகை விடாத படகு டிசைன் பண்ணணும்னு சொல்லுது. எங்களுக்குத் தெரிஞ்சது ஒகேனக்கல் பரிசல்தான். இதுக்குப் படிப்பு இருக்கா? படிச்சா வேலை கிடைக்குமா?"

படிப்பு இருக்கிறது ஐயா. வேலையும் இருக்கிறது, ஆனால் ஐடி வேலை போல ஊர் முழுக்கக் கொட்டிக் கிடக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் மகள் சொல்வது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற விஷயம்தான். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓடுகிறது. 75 பேர் உட்காரலாம். கட்டியது கொச்சியின் நவால்ட் நிறுவனம். அதைத் தொடங்கிய சந்தித் தண்டாசேரி சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்பு படித்தவர். அப்புறம் 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ வந்தது. 100 பேர் ஏறும் பேட்டரிப் படகுகள், கொச்சின் ஷிப்யார்டில் கட்டியவை. அலுவலகம் போகிறவர்கள் ஏறுகிற படகு இது, சுற்றுலாவுக்கு மட்டும் விட்டதல்ல.

சரி, இதில் வடிவமைப்பாளருக்கு என்ன வேலை? பார்க்க அழகாகப் படம் போடுவது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் முக்கால்வாசி நேரம் எடையோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டுகிற கணக்கு. ஒரு சின்ன உதாரணம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகைப் 'பத்து நிமிஷம் முன்னாடி போகட்டுமே' என்று 18, 19 ஆக்கச் சொன்னால், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சக்தி கூடினால் பேட்டரி பெரிதாகும். பேட்டரி கனத்தால் படகு ஆழமாக அமுங்கும். அமுங்கினால் தண்ணீர் இன்னும் தடுக்கும், மறுபடி சக்தி வேண்டும். இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை. ஒல்லியான இரண்டு அடிப்பாகங்களைச் சேர்த்துக் கட்டுவது, எடை குறைய அலுமினியம் போடுவது எல்லாம் இதற்காகத்தான். கொச்சிப் படகுகளில் லித்தியம் டைட்டனேட் வகை பேட்டரி. அதே மின்சாரத்தைச் சேமிக்க மற்ற லித்தியம் பேட்டரிகளைவிடக் கனம் கூடுதல். ஆனால் பத்து, பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும், பல வருஷம் உழைக்கும். அடுத்த நடைக்குள் சார்ஜ் ஏற வேண்டிய படகுக்கு அதுதான் சரி.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நகரத்து ஆறு குறுகலாக இருக்கும். படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும், ஓரத்தில் கட்டியிருக்கும் சின்னப் படகுகளை ஆட்டும். பேட்டரியில் ஓடுவதாலேயே ஒரு படகு சூழலுக்கு நல்லது என்றாகிவிடாது.

பாதுகாப்பும் இருக்கிறது. படித்துறை நெருங்கியதும் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். அப்போதும் படகு அளவுக்கு மேல் சாயக் கூடாது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு தண்ணீரில் ஒரு சோதனை நடக்கும்: எடை தெரிந்த கற்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றி வைப்பார்கள். உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்கும், நம் கொத்தனார் வைத்திருப்பதேதான். நூல் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்து, படகின் எடை மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். பாப்பாவுக்கு இதைக் கேட்கக் கேட்க ஆர்வம் கூடினால் தயங்காமல் அனுப்புங்கள்.

பரிசலைத் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறீர்கள், தயங்க வேண்டாம். தட்டையான அடி, கொஞ்சத் தண்ணீரிலும் மிதக்கும் குணம் இரண்டும் நகரத்துப் படகுக்கும் வேண்டும். வட்டமாக இருப்பதால் சுற்றிச் சுற்றிப் போகிறதே, அது மட்டும்தான் வேண்டாம்.

படிப்புக்கு வருவோம். பெயர் 'நேவல் ஆர்க்கிடெக்சர்'. சென்னை, கரக்பூர் ஐஐடிகளில் ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாகச் சேரலாம். கொச்சி குசாட் பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில், விசாகப்பட்டினம் வளாகத்தில் இருக்கிறது. அதற்கும் தனித் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் கேட்பார்கள். ஆங்கிலத்தை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 'மரைன் இன்ஜினியரிங்' என்று ஒரு படிப்பு இருக்கிறது. அது கப்பலில் ஏறி இயந்திரங்களை ஓட்டிப் பராமரிக்கும் வேலைக்கு. சம்பளம் நல்ல சம்பளம்தான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அது இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி சீட் விற்கும் ஏஜென்ட்டுகளிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பணம்தான் கவலை என்றால் என் யோசனை வேறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. குசாட்டுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ இந்த ஒதுக்கீடு கிடையாது. செட்டிக்கரையிலோ பர்கூரிலோ உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது டிரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) எடுக்கட்டும். மெக்கானிக்கல் எடுத்தால் பிறகு 'கேட்' (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுதிக் கப்பல் வடிவமைப்பில் எம்.டெக். போகலாம். இன்றைய பேட்டரிப் படகுக்கு மோட்டார், மின்சுற்று தெரிந்தவர்களும் அதே அளவு தேவை. படகு வேலை உடனே கிடைக்காவிட்டால் ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று பேட்டரி வண்டித் தொழில் நம் மண்ணிலேயே இருக்கிறது. கலந்தாய்வில் கோவை குமரகுரு கல்லூரியையும் பார்த்து வையுங்கள். மொனாக்கோவில் நடக்கும் மின்படகுப் போட்டியில் அங்குள்ள மாணவர்கள், தாங்களே வடிவமைத்த ஓட்டுநர் அறை, மோட்டார் அமைப்போடு கலந்துகொண்டிருக்கிறார்கள்.

நேவல் ஆர்க்கிடெக்சர் முடித்தவர்களுக்கு முதல் வேலை பெரும்பாலும் கப்பல் கட்டும் தளத்திலோ வடிவமைப்பு அலுவலகத்திலோதான். நகரப் படகு கைக்கு வரச் சில வருஷம் சரக்குக் கப்பல் வரைபடங்களோடு காலம் தள்ள வேண்டியிருக்கும். பாப்பாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு டெல்ஃப்ட்ஷிப் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பை ஒரு கணினியில் ஏற்றிக் கொடுங்கள். பள்ளி ஆய்வகக் கணினியே போதும். பத்து மீட்டர் படகு ஒன்றை வரைந்து, 30 பேரை ஏற்றினால் எவ்வளவு அமுங்குகிறது என்று அவள் கண்டுபிடிக்கட்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தக் கோப்போடு இருவரும் வாருங்கள், எந்தெந்த நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்வோம்.