அணுக்கரு இணைவை அளக்கும் படிப்பு: பாலக்கோட்டுத் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் அணுக்கரு இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா, கதிர்வீச்சால் உடம்புக்குக் கெடுதல் வராதா என்ற கவலையில் உறக்கமே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் நியாயமான கவலைகளே. அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்மீன்களுக்குள் கார்பன் கருக்கள் இணைவதை ஆய்வகத்தில் அளக்க, முடுக்கி எனும், துகள்களுக்கு வேகமூட்டும் கருவியிலிருந்து வரும் கார்பன் அயனிக் கற்றையை மெல்லிய கார்பன் தகட்டின்மீது மோதவிடுகிறார்கள். இரண்டு கருக்களுமே நேர்மின்னூட்டம் உடையவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கற்றையின் ஆற்றலைக் குறைக்கக் குறைக்க இணைவு மிக வேகமாக அரிதாகிவிடுகிறது. இணைந்தால் உண்டாகும் சோடியம்-23 கருவிலிருந்து 440, நியான்-20 கருவிலிருந்து 1634 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர்கள் வெளிவரும். ஜெர்மானியம் டிடெக்டர் என்னும் உணர்கருவி அவற்றை எண்ணித் திரையில் காட்டும். ஆனால் அறையின் காங்கிரீட் சுவரில் இயல்பாகவே இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40, அதே திரையில் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஓயாமல் ஒரு முகட்டை எழுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவே உண்மையான சில எண்ணிக்கைகளைப் பிரித்தெடுப்பதே அந்த ஆய்வாளரின் அன்றாடப் பாடு. இத்தாலியின் கிரான் சாசோ மலையில் 1400 மீட்டர் பாறைக்கு அடியில் லூனா என்ற ஆய்வுக் குழுவினர் ஹீலியம்-3 இணைவை அளந்தபோது, மிகக் குறைந்த ஆற்றலில் மாதத்துக்கு ஓரிரு நிகழ்வுகளே பதிவாயின.

ஆகவே மகளின் மதிப்பெண்ணைவிட, செய்முறைத் தேர்வில் அளவு பிசகினால் அலுக்காமல் மறுபடி எடுப்பாரா என்பதையே நான் அதிகம் பார்ப்பேன்.

கதிர்வீச்சைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். கற்றை ஓடும்போது அந்த அறை பூட்டியே இருக்கும். பணியாளர்கள் சட்டையில் அணியும் பட்டை, அவர்கள்மீது பட்ட கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யும். ஆண்டுக்கு 30 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சு அளவின் அலகு) தாண்டக் கூடாது என்பது இந்திய விதி.

பிஎஸ்சி, எம்எஸ்சி, முனைவர் பட்டம் என்று ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடிக்கும்; இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எம்எஸ்சிக்குப் பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) பெற்றால் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. டெல்லி, மும்பையில் பெல்லட்ரான் வகை முடுக்கிகள் உள்ள மையங்களிலும் கொல்கத்தா சாகா நிறுவனத்தின் ஃப்ரெனா முடுக்கியிலும் இத்தகைய ஆய்வுகளுக்கு வசதி உள்ளது. நடுவில் விலக நேர்ந்தாலும் வெற்றிடத் தொழில்நுட்பம், மின்னணுவியல், கணினிப் பகுப்பாய்வு ஆகியவை கைவசம் இருக்கும். எம்எஸ்சிக்குப் பிறகு கதிரியல் இயற்பியல் பட்டயம் படித்தால் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் வேலைக்குப் போகலாம்.

நைசர், ஐசர் இரண்டும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். நைசர் சேர்க்கைக்கான நெஸ்ட் தேர்வு, ஐசர் நுழைவுத் தேர்வு இரண்டுக்கும் இவ்வாண்டே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற எம்எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்எஸ்சிக்கு முயலலாம். அடுத்த முறை வரும்போது மகளின் செய்முறைப் பதிவேட்டையும் எடுத்து வாருங்கள். மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.