அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்ப அரசும் தனியாரும் கைகோத்தால் பலன் இருக்குமா?

நிச்சயம் இருக்கும். ஆனால் நிறுவனம் எதைக் கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைக்கு வடசென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளிக்குப் போய் வருகிறேன்.

முதல் நாள் தலைமையாசிரியை சாவிக்கொத்தோடு வந்து கணினி அறையைத் திறந்துவிட்டார். வாசலில் நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை. உள்ளே பூப்போட்ட துணி மூடிய பத்துக் கணினிகள். அவற்றில் ஏழு எழும்பவே இல்லை. யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. பிள்ளைகள் கெடுத்துவிடுவார்களோ என்று பூட்டி வைத்ததில் தானாகவே கெட்டிருந்தன. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மவுஸ் தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பழுதுபார்க்க யாரைக் கூப்பிடுவது என்பதற்கோ ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆக, பணம் இருக்கிறது. அதைப் பொருளாக வாங்கிக் கொடுத்துவிடுவது சுலபம். பள்ளிக்கு உண்மையில் தேவைப்படுவது, தைரியமாக வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியர்.

அமெரிக்காவில் கெவின் வாங் என்பவர் பள்ளிகளில் கணினி அறிவியல் கற்பிக்க 2009இல் தொடங்கிய டீல்ஸ் (TEALS) திட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பள்ளி ஆசிரியராக இருந்து மைக்ரோசாஃப்டுக்குப் போனவர் அவர். பின்னாளில் அந்த நிறுவனமே திட்டத்தைத் தனதாக்கிக்கொண்டது. பொறியாளர்கள் அலுவலகம் போகும்முன் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுப்பார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியரும் கூடவே இருந்து கற்றுக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பு அவர் கைக்கு வந்துவிடும்.

அதையே எங்கள் பள்ளியில் முயன்றோம். ஐம்பது வயதைத் தாண்டிய கணித ஆசிரியை ஒருவர் நோட்டும் பேனாவுமாக இரண்டாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் தொடங்கினோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காசிமேட்டில் மீன் விற்கும் தன் அம்மாவுக்காகக் கணக்குப் போடும் நிரல் ஒன்றை எழுதினாள். எத்தனை கிலோ, என்ன விலை, வாங்குபவர் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டு, மீதிச் சில்லறையைச் சொல்ல வேண்டும். 380 ரூபாய் மீனுக்கு 500 ரூபாய் கொடுத்தால் திரையில் -120 என்று வந்தது. கணினி தப்பு என்று அடித்துச் சொன்னாள். நான் வாய் திறப்பதற்குள் ஆசிரியை எழுந்து வந்தார்.

“எதிலிருந்து எதைக் கழிக்கச் சொல்லியிருக்கிறாய் அம்மா?”

“ஐநூறிலிருந்து டீச்சர்...” என்றவள் திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு எனக்கு அங்கே வேலையே இல்லை. அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. கழித்தலை ஆண்டாண்டாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு, இதுவும் தன் பாடம்தான் என்று அந்த நிமிடம் புரிந்துவிட்டது.

நம் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் பிரிவெடுத்தவர்களுக்குப் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்ற நிரல்மொழிகள் இருக்கின்றன. ஆனால் ஆறு ஏழிலேயே தொட்டுப் பழகாத பிள்ளை, அந்தப் பிரிவு தனக்கானது இல்லை என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிடுகிறது. பெண் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் நடுநிலைப் பள்ளியில் செலவிடுங்கள் என்பேன்.

பாடம் என்ன என்பதை மட்டும் அரசே முடிவு செய்ய வேண்டும். அதை நிறுவனத்திடம் விட்டால், அவர்களுடைய மென்பொருளைப் பழக்குவதே பாடமாகிவிடும்.

உங்கள் நிறுவனம் உதவ விரும்பினால் தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாக வரலாம். கையெழுத்திடும் முன், பழுதுபார்ப்புக்கான தொகையையும், ஆசிரியரோடு உட்கார ஆட்கள் எத்தனை மணி நேரம் வருவார்கள் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஆண்டு எங்கள் வகுப்பை அந்த ஆசிரியையே நடத்துகிறார். எட்டாம் வகுப்புக்குப் பைத்தான் தொடங்கலாமா என்று போன மாதம் கேட்டார். இருவருமாகப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.