சாலையோரம் குழாய்களை இறக்கி வரிசையிடும்போது

கேள்வி: நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், செம்பனைத் தோட்டத்துச் சாலையோரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் துணைக் குத்தகையாளரின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். குழாய்கள் 610 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 9 மீட்டர் நீளமும் உடையவை. உள்ளே சிமெண்டு பூசிய எஃகுக் குழாய்கள். லோரி வாடகையை மிச்சப்படுத்துவதற்காக, 2 கிலோமீட்டருக்கும் வேண்டிய குழாய்களை ஒரே வாரத்தில் இறக்கி வரிசையாகப் போட்டுவிடச் சொல்கிறார் முதலாளி. ஒரு பக்கம் பெரிய வடிகால். மறுபக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளும் கோயிலும். சென்ற வாரம் ஒரு குழாய் தானாக உருண்டு வடிகாலில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. எங்கள் பதினொரு பேரில் எட்டுப் பேர் நேபாளத்தையும் வங்காளதேசத்தையும் சேர்ந்தவர்கள். இந்த வேலையைப் பாதுகாப்பாக எப்படி நடத்துவது?

பதில்: முதலாளியின் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. 2 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 222 குழாய்கள் வேண்டும். உங்கள் ஆட்கள் ஒரு நாளில் நான்கைந்து குழாய்களை இணைத்துப் பள்ளத்தில் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கடைசிக் குழாய் ஏறக்குறைய இரண்டு மாதம் சாலையோரத்திலேயே கிடக்கும். அத்தனை நாளும் வேலை நேரம் முடிந்த பின் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. லயன் வீட்டுப் பிள்ளைகள் அதன் மேல் ஏறாமலும் உள்ளே தவழாமலும் இருக்கப்போவதும் இல்லை. இரண்டு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் வரிசையிடுங்கள். மீதியை வேலியிட்ட, சமமான, இறுகிய ஒரே இடத்தில் அடுக்கி வையுங்கள். லோரி வாடகை கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான்.

அடுத்து எடை. குழாயின் எடை தெரியாமல் அதைத் தூக்குவது நம் வேலையிடங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. வெளிவிட்டத்திலிருந்து சுவரின் கனத்தைக் கழித்து, விடையை அதே கனத்தாலும் 0.02466 என்னும் எண்ணாலும் பெருக்கினால், ஒரு மீட்டர் எஃகின் எடை கிலோவில் கிடைத்துவிடும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். உங்கள் குழாயின் எஃகுச் சுவர் 9.5 மில்லிமீட்டர், சிமெண்டுப் பூச்சு 12 மில்லிமீட்டர் என்று கொண்டால், எஃகு மீட்டருக்கு 141 கிலோ, பூச்சு ஏறத்தாழ 50 கிலோ, ஆக முழுக் குழாய் 1,700 கிலோவை ஒட்டி வரும். குழாயில் பொறித்துள்ள கனத்தைப் பார்த்து நீங்களே கணக்கிட்டு, அந்த எண்ணை இயந்திர ஓட்டுநரின் கண்முன் எழுதி ஒட்டுங்கள்.

சென்ற வாரம் அந்தக் குழாய் ஏன் தானாக உருண்டது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவு கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும். அந்தச் சரிவில் தடுப்பில்லாத குழாய் 5 மீட்டர் உருண்டால், அதன் வேகம் மனிதன் விரைந்து நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும். 1,700 கிலோ அந்த வேகத்தில் வரும்போது காலை நீட்டியோ இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டோ யாரும் நிறுத்த முடியாது. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் அப்படி நிறுத்தப்போன ஒருவரின் பாதம் நசுங்கியதைப் பார்த்தேன்; அவர் எங்கள் குழுவிலேயே அனுபவம் மிகுந்தவர், உருளத் தொடங்கியதைக் கண்டதும் பழக்கத்தால் கை கால் முந்திக்கொண்டன. ஆகவே உருளும் குழாயை விட்டு விலகி ஓட வேண்டும், பிடிக்கப் போகக் கூடாது என்பதை ஆட்களிடம் நாள்தோறும் சொல்லுங்கள்.

தடுப்பு என்றால், அளவாக அறுத்த மரக்கட்டைகள் இரண்டின் மேல் குழாயைக் கிடத்தி, ஒவ்வொரு கட்டையிலும் குழாயின் இரு புறமும் ஆப்பு வைத்து ஆணியடிப்பது. மணல் மூட்டைகளும் பொருந்தும். கையில் கிடைக்கிறதே என்று செம்பனை மட்டையையும் செங்கல்லையும் முட்டுக் கொடுக்கும் வழக்கம் தோட்டப்புறங்களில் உண்டு. ஒரு மழைக்குப் பிறகு மட்டை வழுக்கும், செங்கல் மண்ணில் புதையும். குழாய் அசைவற்று நின்ற பிறகே, அதைத் தூக்கப் பூட்டிய ஸ்லிங் வாரைக் கழற்ற வேண்டும். அடுக்கும் இடத்தில் இரண்டு வரிசைக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பது, உங்களிடமுள்ள ஆட்களையும் இயந்திரத்தையும் மனத்தில் கொண்டு நான் சொல்வது.

எல்லாவற்றிலும் ஆபத்து மிகுந்த கணம், லோரியில் கட்டிய பட்டையை அவிழ்க்கும் கணம்தான். மேடுபள்ளமான தோட்டச் சாலையில் வரும்போது சுமை ஒரு பக்கம் சாய்ந்து, அந்தப் பட்டை மட்டுமே அதைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். சமதரையில் லோரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சுமையைச் சுற்றிப் பார்த்து, பக்கக் கம்பங்களும் ஆப்புகளும் தம் இடத்தில் இருப்பதை உறுதிசெய்த பிறகே அவிழ்க்கச் சொல்லுங்கள். அவிழ்ப்பவர் குழாய் விழக்கூடிய பக்கத்தில் நிற்கக் கூடாது. லோரி ஓட்டுநரும் தம் இருக்கையிலோ வண்டியின் பக்கத்திலோ இல்லாமல் எல்லோரும் காணும்படி தள்ளி நிற்க வேண்டும்.

தூக்கும்போது நடுவில் ஒரே வாரைப் போட்டால் குழாய் தராசுபோல் ஆடும். இரு முனைகளிலிருந்தும் 2.25 மீட்டர் உள்ளே இரு வார்களைப் பூட்டுங்கள், இடையில் 4.5 மீட்டர் இருக்கும். குழாயிலிருந்து கொக்கிவரை வாரின் ஒவ்வொரு காலும் அதே 4.5 மீட்டர் நீளமிருந்தால் வாருக்கும் குழாய்க்கும் இடையிலான கோணம் 60 பாகையாகும், ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 980 கிலோவைத் தாங்கும். குட்டையான வாரை வைத்து 30 பாகைக்குத் தாழ்த்தினால், ஒவ்வொரு காலும் முழுக் குழாயின் 1,700 கிலோவையும் தாங்க வேண்டியிருக்கும். வார் அறுந்தபின் ‘புது வார்தானே’ என்று வியப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கோணத்தை மறந்தவர்கள். எக்ஸ்கவேட்டரால் தூக்குவதானால், வாளிப் பல்லில் சங்கிலியை மாட்டாமல் உற்பத்தியாளர் அமைத்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் திறன் குறையும் என்பதால், அந்தத் தூரத்துக்குரிய எண்ணை இயந்திரத்தின் சுமை அட்டவணையில் பாருங்கள். குழாயைத் திருப்ப இரு முனைகளிலும் கயிறு கட்டுங்கள், ஆனால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள்.

சைகை கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். ‘நாயிக்’ (மேலே), ‘தூருன்’ (கீழே) என்ற மலாய்ச் சொற்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இயந்திர இரைச்சலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். கைச்சைகைகளை வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். நிறுத்தும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலிடம் விலகுதூரத்தை எழுத்தில் பெறாமல் எதையும் தூக்காதீர்கள்.

வரிசையிடும்போது குழாய்களைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது பள்ளத்தின் ஆழ அளவுக்காவது தள்ளி வைப்பது என் வழக்கம். சதுப்பு மண்ணில் அதுவும் போதாது. லயன் வீட்டு வாசல்களிலும் கோயில் வழியிலும் இடைவெளி விடுங்கள். முனைகளைத் திறந்து போட்டால் பிள்ளைகள் நுழைவார்கள், எலியைத் தேடி நாகமும் நுழையும். இறுக மூடினாலோ வேறொரு சிக்கல்: உங்கள் குழாய் மீட்டருக்கு 191 கிலோதான், ஆனால் அது விலக்கும் தண்ணீர் 292 கிலோ. அதாவது, மூடிய குழாய் வெள்ளத்தில் மிதந்து போய்விடும். ஆகவே நீர் நுழையும்படியான வலுவான கம்பிவலையால் முனைகளை மூடுங்கள்.

முதலாளியிடம் பேசுவதற்குச் சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. அபாய மதிப்பீடு கட்டாயம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம். முதலாளிக்கான அபராதம் 500,000 ரிங்கிட் வரை செல்லக்கூடும். வேலையைக் கொடுத்த முதன்மைக் குத்தகையாளருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

வடிகாலில் கிடக்கும் குழாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் இப்போது எனக்குக் கவலை தருகிறது. அதனுள் நீர் நிறைந்திருந்தால் எடை 4 டன்னை நெருங்கும். சேறு பற்றி இழுப்பது வேறு. கரையோரத்தில் நிற்கும் இயந்திரம் அதைப் பக்கவாட்டில் இழுத்தால் இயந்திரமே சரியும். வடிகாலில் நீர் குறைந்த நாளில், 4 டன்னுக்கும் மேல் அந்தத் தூரத்தில் தூக்கவல்ல இயந்திரத்தை உறுதியான தரையில் நிறுத்தி, யாரையும் வடிகாலுக்குள் நிற்க விடாமல், முதலில் ஒரு முனையை மட்டும் மெல்ல உயர்த்தி நீரை வடியவிட்டு, பிறகு நேராக மேலே எடுங்கள். எடுத்ததும் உட்பூச்சில் விரிசல் உண்டா என்று பொறியாளர் பார்க்கும்வரை அதைத் தனியே, ஆப்பு வைத்து, ஒதுக்கி வையுங்கள்.