ஒரே தெரு, ஒரே புயல்: சில வீடுகள் மட்டும் ஏன் தலையெடுப்பதில்லை?

கடற்கரை ஊர்களில் ஒரே புயலில் அடிபட்டும் சில குடும்பங்கள் சீக்கிரம் எழுந்துவிடுகின்றன, சிலவற்றால் முடியவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சொந்த ஊர் காரைக்குடி. அப்பா ஓடு மாற்றும் வேலை பார்ப்பவர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்குவதுதான் பிழைப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. பத்து நாள் கழித்து, கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் தெருவுக்கு அப்பாவோடு கூரை வேலைக்குப் போனேன். கரண்ட் இன்னும் வரவில்லை.

அங்கே எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்று கீற்று, மற்றது சிமெண்ட் ஷீட். கீற்று வீடுதான் நொடித்திருக்கும் என்று நினைத்தேன். கீற்றைக் காற்று மொத்தமாகப் பிய்த்துவிட்டதென்னவோ உண்மை. ஆனால் சுற்றிலும் தென்னை சாய்ந்து கிடந்ததால் ஓலைக்குப் பஞ்சமில்லை. அந்த வீட்டு அக்கா ஊறவைத்த ஓலையை மடியில் போட்டு, எங்களோடு பேசிக்கொண்டே முடைந்தார். கருவாடு விற்றுக் கட்டிய ஏலச்சீட்டு கையில் இருந்தது. புயலுக்கு முதல் நாளே பிள்ளைகளை அறந்தாங்கியில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எதிர்வீட்டில் ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்டை ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தார்கள், காசை மிச்சம் பிடிக்கத்தான். "காத்து மேலேருந்து அமுக்காதுடா, கீழேருந்து தூக்கும்" என்றார் அப்பா. தூக்கிய ஷீட் கட்டில்மேல் விழுந்து தூள்தூளாகிக் கிடந்தது. அதையாவது மாற்றிவிடலாம். படகு இன்ஜினுக்கு மீன் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார் அந்த வீட்டு அண்ணன். பிடிப்பதை அந்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டும். இப்போது படகு உடைந்துவிட்டது, அட்வான்ஸ் அப்படியே நிற்கிறது. நகை புயலுக்கு முன்பே அடகுக்கடைக்குப் போய்விட்டது. வீடு இருப்பது புறம்போக்கு, பட்டா கிடையாது.

இன்னொன்று, நினைப்பு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டை இந்தக் கரை படவில்லை, இலங்கை குறுக்கே நின்று அலையை மறித்தது. அதனால் 'நம்ம பக்கம் வராது' என்று பலருக்கு ஒரு தைரியம். இந்தக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல். புயல் காற்று தள்ளும் தண்ணீர் இப்படிப்பட்ட கடலில்தான் அதிகம் ஏறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் புயல்தான்.

எங்கள் காரைக்குடிப் பக்கமும் தப்பவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் புகுந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்பதால்தான் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் சொந்தக்காரர்களான நகரத்தார் வீட்டைத் தரையிலிருந்து அவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நாலு ஓடு நழுவினால் உயரம் என்ன செய்யும்? பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் போனில் பேசி முடிப்பதற்குள் பர்மா தேக்கும் உளுத்துவிடுகிறது.

அடுத்த வருஷம் அந்தத் தெருவுக்குப் போனபோது அக்கா வீட்டுக் கீற்று கருத்திருந்தது. எதிர்வீட்டில் பாதி ஷீட், பாதி நீலத் தார்ப்பாய். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாராம்.