ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போகிறேன். அன்றாட வாழ்க்கையில் எதற்குத் தயாராக வேண்டும்?

அட்மிஷன் கிடைத்துவிட்டது, அக்டோபர் செமஸ்டருக்குக் கிளம்புகிறேன், படிப்பைத் தவிர மற்றதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் கணிப்பில் அங்கே மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தொடங்குகின்றன: முகவரி, தபால், கெடு தேதி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் ஆன்மெல்டுங். பாஸ்போர்ட், விசா, படிவம் ஆகியவற்றோடு நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்ததாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று ஒன்றும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று போய்த் திரும்பி வருபவர்கள் அதிகம். ஒப்பந்தம் வேறு, இந்தச் சான்று வேறு. சாவி வாங்கும் அன்றே கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். அக்டோபரில் கூட்டம் நெருக்கும் என்பதால் அப்பாயின்ட்மென்டை விமானம் ஏறும் முன்பே ஆன்லைனில் போட்டுவிடுவது நல்லது. இடம் காலியில்லை என்று காட்டினால் தினமும் காலையில் பாருங்கள், யாராவது ரத்து செய்த நேரம் திரும்ப வரும்.

“ரூம் தருகிறேன், ஆனால் முகவரி பதியக் கூடாது” என்று யாராவது சொன்னால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ரூம் வேண்டாம். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது, பல வங்கிகளில் கணக்கும் திறக்க முடியாது. அதேபோல் சாவி கைக்கு வராமல், ரூமைப் பார்க்காமல், “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

பதிவுப் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால், பின்னாளில் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வரும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரியாகக் கூடுதலாகப் பிடிப்பார்கள். தெரிந்து எழுதுங்கள்.

அடுத்தது தபால்பெட்டி. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஜெர்மன் முகவரியில் கட்டட எண் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஃப்ளாட் எண் இருக்காது. தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நண்பரோடு தங்கினாலும், ஒரு மாதத்துக்கு மட்டும் உள்வாடகைக்கு இருந்தாலும் முதல் நாளே பெயரை எழுதி ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே எழுதுங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும், கடிதங்களும் அந்தப் பெயருக்கே வரும். பெட்டியில் கூப்பிடும் பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் தபால்காரருக்கு அது வேறு ஆள். இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

பதிவு முடிந்த சில வாரங்களில் அந்தப் பெட்டி வழியாகத்தான் எல்லாம் வரும். வங்கி கார்டு ஒரு கவரில், அதன் ரகசிய எண் (PIN) வேறொரு நாள் வேறொரு கவரில். 11 இலக்க வரி எண். மருத்துவக் காப்பீட்டு அட்டை. கூடவே ரேடியோ, டிவி கட்டணக் கடிதமும் வரும். “என்னிடம் டிவியே இல்லையே” என்று அதைக் குப்பையில் போடுவது வழக்கமான தவறு. டிவி இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். பதில் போடாமல் விட்டால் குடியேறிய மாதத்திலிருந்து கணக்குப் போட்டு, தாமதக் கட்டணத்தோடு கேட்பார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரே ஃப்ளாட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்ப வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது.

மஞ்சள் கவரில் ஒரு கடிதம் வந்தால் அன்றே திறந்து பாருங்கள். அது சட்டப்படி சேர்ப்பிக்கப்பட்ட கடிதம். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் கவர் மேலேயே எழுதியிருப்பார். நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். அபராத உத்தரவாக இருந்தால் மறுப்புத் தெரிவிக்க இரண்டு வாரம்தான். கவரையும் கடிதத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். ஆங்கிலத்தில் படிக்கும் கோர்ஸ் என்றாலும் இந்தக் கடிதங்கள் ஜெர்மனில்தான் வரும். ஃபோனில் மொழிபெயர்த்துப் படிக்கலாம், ஆனால் ‘ஃப்ரிஸ்ட்’ என்றால் கெடு, ‘மானுங்’ என்றால் பணம் பாக்கி என்ற நினைவூட்டல், ‘கியூண்டிகுங்’ என்றால் ஒப்பந்த ரத்து என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் அளவுக்காவது பழகிவிடுங்கள்.

இனி பணம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்டில் 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். மாதம் 992 யூரோ என்ற கணக்கில் வெளியே வரும். ஆனால் அந்தப் பணம் விமானம் இறங்கிய அன்று கைக்கு வராது. முதலில் அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும், அதற்குப் பெரும்பாலும் முகவரிப் பதிவு வேண்டும், பிறகு பிளாக்டு அக்கவுன்ட் நிறுவனம் ஆவணங்களைச் சரிபார்த்து முதல் தவணையை விடுவிக்க வேண்டும். இந்த இடைவெளியில் அட்வான்ஸ், முதல் மாத வாடகை, தட்டுமுட்டுச் சாமான் என்று செலவுகள் வரிசையில் நிற்கும். கார்டிலும் கையிலுமாகக் குறைந்தது 1,500 யூரோ தனியாக இருந்தால் மூச்சு விடலாம். அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மின்சாரம், ஹீட்டர் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

விளம்பரத்தில் ‘கால்ட்’ என்று போட்டிருந்தால் அந்த அடிப்படை வாடகை. ‘வார்ம்’ என்றால் ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவும் சேர்ந்தது. இந்தச் செலவுத் தொகை பல வீடுகளில் முன்பணமாக வசூலிப்பதுதான். வருடக் கணக்கு முடிந்ததும் மிச்சம் வரலாம், பாக்கியும் வரலாம். மாணவர் விடுதியில் பொதுவாக ஒரே தொகையாக வாங்கிவிடுவதால் இந்தத் தலைவலி இல்லை.

ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அட்வான்ஸ் பணம் காணாமல் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. ஹீட்டரின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்றால் அறை சுமார் 20 டிகிரி. குளிர்கிறதே என்று 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, சூடாகும் வேகம் ஒன்றுதான். கிட்டத்தட்ட 28 டிகிரி வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 3-இல் வைத்து விட்டுவிடுங்கள்.

நம் சமையலில் சோறு வடிப்பதும் குக்கர் விசிலும் நிறைய ஆவியைக் கிளப்பும். குளியல், அறைக்குள் துணி காயப்போடுவது என்று இன்னும் ஈரம் சேரும். ஜன்னல்கள் காற்றுப் புகாதபடி இறுக்கமாக மூடுபவை என்பதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் வெளிச்சுவரின் குளிர்ந்த மூலைகளிலும் ஜன்னல் ஓரத்திலும் தண்ணீராகப் படியும். சில வாரத்தில் அங்கே கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், அதைச் சரிசெய்யும் செலவுதான் அட்வான்ஸில் கழியும். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டால் காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் குளிர்ந்து பூஞ்சணத்துக்கு இன்னும் வசதியாகிவிடும். அலமாரி, கட்டில் இரண்டையும் வெளிச்சுவரில் ஒட்டிப் போடாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். குடியேறும் அன்றே சுவர், தரை, ஜன்னல், அடுப்பு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, ஒப்படைப்புப் பத்திரத்தில் பழைய கீறல்களையும் கறைகளையும் எழுதி வாங்குங்கள்.

தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். விடுதியில் நடைபாதை அலாரம் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் கடுகுப் புகைக்கே வண்டி வந்துவிடும், செலவையும் உங்களிடம் கேட்கலாம். புகையைக் கலைக்க நடைபாதைப் பக்கம் கதவைத் திறப்பதுதான் பலர் செய்யும் தப்பு.

மற்றவை சுருக்கமாக. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் தலா 25 சென்ட் டெபாசிட் உண்டு, நசுக்காமல் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவகத்தில் மதியச் சாப்பாடு மலிவு, சைவமும் இருக்கும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. உங்கள் செமஸ்டர் கட்டணத்திலேயே பஸ், ரயில் பாஸ் அடங்கியிருக்கிறதா, அது எந்த எல்லைவரை செல்லும் என்று முதல் வாரமே பாருங்கள். உடம்பு சரியில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை, டாக்டர் கிளினிக்கும் மூடியிருக்கிறது என்றால் 116117-க்கு அழையுங்கள். அவசரத்துக்கு 112. பெரியவர்களுக்கு மூக்குக் கண்ணாடிச் செலவைக் காப்பீடு பொதுவாகத் தராது, ஊரிலிருந்தே இரண்டாகச் செய்து எடுத்துப் போங்கள். காப்பீட்டைத் தேர்வு செய்யும்போது மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போய்விட்டால், படிப்பு முடியும்வரை அரசுமுறை மாணவர் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது.

பகுதி நேர வேலையில் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிக்கல். முதலாவது விசா சட்டம். 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நான்கு மணி நேரம் வரை அரை நாள். நாள் கணக்குக்குப் பதிலாக வாரக் கணக்கும் வைக்கலாம்: வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால் அந்த வாரம் இரண்டரை நாளாகக் கழியும். 52 வாரமும் போனாலும் 130 நாள்தான் வரும், வரம்புக்குள் அடங்கிவிடும். பல்கலைக்கழகத்திலேயே மாணவர் உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. இரண்டாவது காப்பீட்டுச் சட்டம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் என்ற சலுகை போய், சாதாரண ஊழியர்போல முழுப் பிடித்தம் வரும். சொந்தமாக பில் போட்டுச் செய்யும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு மாணவர் அனுமதி போதாது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். டெலிவரி வேலைக்குச் சேர்வதாக இருந்தால் ஒப்பந்தம் ஊழியர் என்கிறதா, ஒப்பந்தக்காரர் என்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, அதற்குக் கீழே யாரும் தரக் கூடாது. வரி எண்ணை முதலாளியிடம் கொடுக்கத் தாமதித்தால் ஆறாம் வரி வகுப்பு என்ற அதிகபட்சப் பிடித்தத்தில் போட்டுவிடுவார்கள். வருட முடிவில் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், நான்கு வருடம்வரை அவகாசம் உண்டு.

ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு, வந்த விசா முடியும் முன் விண்ணப்பித்துவிட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைத்தாலும் விண்ணப்பம் போன தேதிதான் உங்களைக் காப்பாற்றும், அதற்கான மின்னஞ்சல் அல்லது ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முடிவு வரும்வரை ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதை வைத்துக்கொண்டு ஊருக்கு டிக்கெட் போடும் முன், அதில் வெளிநாட்டவர் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3-ஆம் உட்பிரிவு என்றால் அதை வைத்துத் திரும்பி வர முடியாது.

கடைசியாக, தேர்வு. வகுப்பு நேரம் ‘10 c.t.’ என்று போட்டிருந்தால் 10.15-க்குத் தொடங்கும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். தேர்வு விதிகள் அப்படி இல்லை. கோர்ஸில் பெயர் கொடுத்ததாலேயே தேர்வுக்குப் பதிவாகிவிடாது. போர்ட்டலில் தனியாகப் பதிய வேண்டும், கெடு தாண்டினால் அந்த செமஸ்டர் அந்தப் பாடம் போனதுதான். பதிந்துவிட்டு விலகவும் ஒரு கெடு உண்டு. அதன் பிறகு போகாமல் இருந்தால் ஃபெயில் என்று ஏறிவிடும். உடம்பு முடியவில்லை என்றால் தேர்வு நாளன்றே டாக்டரிடம் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். அரியர் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான், சிலவற்றில் இரண்டு. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி முயற்சியும் தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கிவிடுவார்கள், ஜெர்மனியில் வேறெங்கும் அதே படிப்பில் சேரவும் முடியாது. ரெசிடென்ஸ் பெர்மிட்டும் அந்தப் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. இரண்டாவது முறை தவறிய உடனே, அடுத்த முயற்சிக்குப் பதியும் முன், துறையின் படிப்பு ஆலோசகரை நேரில் போய்ப் பாருங்கள். விருப்பப் பாடமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாமா, முயற்சியைத் தள்ளிப்போடலாமா, வேறு படிப்புக்கு இப்போதே மாறுவது நல்லதா என்பதை அந்தத் துறையின் தேர்வு விதிகளைப் பார்த்து அவர்தான் சொல்ல முடியும்.