மிதித்ததும் திணறும் பழைய ஆம்னி: கார்பரேட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது 1997 மாடல் மாருதி ஆம்னி வேன், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வண்டி. அணைக்கட்டுப் பக்கமிருந்து முள்ளு கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு தினமும் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன். ஸ்பீடு பிரேக்கரில் வேகம் குறைத்து மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி அடைக்கிறது, ஒரு குலுக்கு குலுக்குகிறது, அப்புறம்தான் எடுக்கிறது. மதியம் திரும்பும்போது இன்னும் மோசம். கார்பரேட்டரை 2 முறை கழுவியாச்சு. புதுசாகவே மாற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மிதித்த அந்த நொடியில் மட்டும் அடைத்து, பிறகு எடுக்கிறது என்றால் மெயின் ஜெட்டுக்கு (வண்டி ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் துளை) பெட்ரோல் ஒழுங்காக வருகிறது என்று பொருள். ஐடிலிங்கிலிருந்து (மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) மெயின் ஜெட் வேலையைத் தொடங்கும் வரைக்கும் உள்ள சின்ன இடைவெளியில்தான் கோளாறு. அந்த இடைவெளியை நிரப்புவது கார்பரேட்டரிலேயே உள்ள ஆக்சிலேட்டர் பம்ப்.

திராட்டில் (மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் தட்டு) சட்டென்று திறந்தால் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அதே நேரத்தில் மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய்) வெற்றிடம் குறைவதால் ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பகுதி சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். சிலிண்டருக்குள் போவது வெறும் காற்று போன்ற கலவை. அதைச் சரிக்கட்டத்தான் அந்தப் பம்ப் ஒரு பீய்ச்சு பீய்ச்சுகிறது. அது தவறினால் நீங்கள் சொல்லும் திணறல் அப்படியே வரும்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. எஞ்சின் சூடான பிறகு, திணறும் இடத்தில் சோக் நாபைப் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) பாதி இழுத்து ஓட்டிப் பாருங்கள். திணறல் குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஜெட், காற்றுக் கசிவு ஆகிய மூன்றில் ஒன்று. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அல்லது குறை இக்னிஷனில். எந்தப் பக்கம் தேடுவது என்பது இந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து முன் சீட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். எஞ்சினை அணைத்தே வையுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. சோக் திறந்திருக்க, டார்ச் அடித்து கார்பரேட்டர் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே திராட்டில் லீவரைக் கையால் சட்டென்று திருப்புங்கள். லீவர் அசைந்த அதே கணத்தில் கம்பி போல் நேராகப் பெட்ரோல் பாய வேண்டும். சொட்டினாலோ, தாமதித்து வந்தாலோ, வராமலே போனாலோ குறையைப் பிடித்துவிட்டீர்கள். பம்ப் கையையும் கவனியுங்கள். லீவர் கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் அந்தக் கை அசைகிறது என்றால் லிங்கில் தேய்மானம். ஆரம்ப மிதியில் வர வேண்டிய பெட்ரோல் அந்த ஆட்டத்திலேயே போய்விடும்.

உங்கள் வண்டி விஷயத்தில் முக்கியமாகச் சந்தேகப்பட வேண்டியது கழுவிய வேலையைத்தான். பல கார்பரேட்டர்களில் பம்ப் வழியில் கடுகளவு எஃகுக் குண்டு ஒன்று, பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்க, உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தால் விழுந்துவிடும், தொலைந்தது தெரியாது. பம்ப்பின் ரப்பர் சவ்வான டயாஃப்ரமைத் தின்னரிலோ கிளீனரிலோ ஊறப்போட்டால் ரப்பர் உப்பிப் பிறகு விறைத்துவிடும். ஜெட் துளையை ஊசி, கம்பி கொண்டு குத்தியிருந்தால் துளை பெரிதாகி அளவே கெட்டுப்போயிருக்கும். ஜெட்டைக் காற்று அடித்து மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். டயாஃப்ரம், பேக்கிங், நீடில் வால்வு எல்லாம் சேர்ந்த ரிப்பேர் கிட் முழு கார்பரேட்டரை விட எவ்வளவோ மலிவு. பழைய டயாஃப்ரமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், பீய்ச்சு பலவீனமாகும்.

பீய்ச்சு நன்றாக இருக்கிறதா? அப்படியானால் காற்றுக் கசிவு. கார்பரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங், இன்சுலேட்டர், மேனிஃபோல்டின் இணைப்பு, வெற்றிடக் குழாய்களின் முனை, இவற்றின் மேல் ஐடிலிங்கில் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்யுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. இதற்குச் சிலர் பெட்ரோல் தெளிப்பார்கள். சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வண்டியில் அந்த விஷப்பரீட்சை கூடவே கூடாது.

கார்பரேட்டர் குறை என்று வரும் வண்டிகள் பலவற்றில் உண்மையான குறை டெல்கோவில்தான் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) இருக்கும். பாயிண்ட் (டெல்கோவுக்குள் மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் முனைகள்) வைத்த வண்டி என்றால் அதன் முகம் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள், இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வேக்கம் அட்வான்ஸ் (தீப்பொறி நேரத்தை, அதாவது டைமிங்கை, வெற்றிடத்தால் முன்னே தள்ளும் அமைப்பு) குழாயைக் கார்பரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே தட்டு திரும்பி, அப்படியே நிற்க வேண்டும். பிடிமானமில்லாமல் காற்று வந்துகொண்டே இருந்தால் அதன் டயாஃப்ரம் போய்விட்டது. டியூனிங் எப்போதும் இந்த வரிசையில் நடக்கட்டும்: வால்வ் கிளியரன்ஸ், பாயிண்ட், டைமிங், கடைசியில் கார்பரேட்டர். பாயிண்டைத் தொட்டால் டைமிங் மாறிவிடும் என்பதால் வரிசையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மைலேஜுக்காக, ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை முறுக்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். இப்போதைய பெட்ரோலுக்கு அது இரட்டிப்புக் கெடுதல். இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சாதாரணப் பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். கார்பரேட்டரின் ஜெட் இதை அறியாது, பழைய அளவிலேயே விடும். அதனால் கலவை தானாகவே 8 சதவீதம் போல் மெலிகிறது. எஞ்சின் நன்கு சூடான பிறகு ஐடிலிங் சீராக இருக்கும் இடத்திலிருந்து ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே இறுக்கி நெருக்காதீர்கள், ஊசி முனையில் பள்ளம் விழும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக, புது கிளாம்ப்புடன் மாற்றிவிடுங்கள். மைலேஜுக்கு அல்ல, தீப்பிடிக்காமல் இருக்க.

இனி மதியக் கதை. மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெட்ரோலின் லேசான பகுதி ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். மூட்டை இறக்க வண்டியை அணைத்துப் போட்டால் சீட்டுக்கு அடியில் சூடு வெளியேற வழியில்லை. இதில் 2 வகை உண்டு. ஏசி பம்ப்பிலும் (டேங்கிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோலை இழுக்கும் பம்ப்) பைப்பிலும் ஆவி அடைத்தால் ஏர் லாக்: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டரில் பெட்ரோல் இல்லாமல் குமிழி தெரியும், பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சற்று நேரத்தில் சரியாகும். துணியின் தண்ணீர் டெல்கோ மேல் வழியக்கூடாது. இன்னொன்று, கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பாத்திரத்தில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிவது: பெட்ரோல் வாடை வரும், ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் கறுப்புப் புகையோடு எடுக்கும். முதலாவதற்குப் பைப்பை சைலன்சர் சூட்டிலிருந்து விலக்குவதும் டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் குழாய் அடைப்பை நீக்குவதும் மருந்து. இரண்டாவதற்கு ஃப்ளோட் லெவல், நீடில் வால்வு, இன்சுலேட்டர் மூன்றையும் பாருங்கள்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது, மிதித்தவுடன் அல்லாமல் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் அது வேறு நோய். டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஃபில்டர், டேங்க் வலை, ஏசி பம்ப் என்று வரிசையாகப் போங்கள்.

சோக் சோதனையை நாளைக் காலை எஞ்சின் சூடானதும், லோடு ஏற்றும் முன் ஒரு முறை, மதியம் மார்க்கெட்டிலிருந்து கிளம்பியதும் ஒரு முறை செய்யுங்கள். 2 நேரமும் விடை வேறுபட்டால் உங்கள் வண்டியில் குறை ஒன்றல்ல, இரண்டு. பம்ப் டயாஃப்ரமை முதலில் மாற்றிவிட்டு, சூட்டுக் குறையை அதன் பிறகு தனியாகப் பாருங்கள்.